கண் திறவாக் குதிரையோடு பன்னிரண்டு மைல்

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. மதுரை ஸ்டேஷனில் இறங்கும்போதே எனக்குக் கோபம். திருச்சியில் ஏறிய மிளகாய் வியாபாரி ஒருவர் தம் மூட்டையை என் காலடியில் வைத்து, "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார். அவர் தூங்கினார், நான் மதுரை வரை தும்மினேன். இறங்கும்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

கும்பகோணத்திலிருந்து நான் இவ்வளவு தூரம் வந்தது சாமி கும்பிட இல்லை. நான் எழுதுகிற பத்திரிகையின் ஆசிரியர், "மதுரையில் கைத்தொழில் கண்காட்சி நடக்கிறது. நம் ஜனங்களின் கலைத் திறமை, விஞ்ஞானத் திறமை இரண்டையும் பற்றி உற்சாகமாக நாலு பக்கம் எழுதிக்கொண்டு வாரும்" என்று அனுப்பியிருந்தார். 'உற்சாகமாக' என்பதை இரண்டு தடவை சொன்னார். என் சுபாவம் அவருக்குத் தெரியும்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு குதிரை வண்டி பிடித்தேன். எட்டணா கேட்டார், நாலணாவுக்குப் படிந்தது. வண்டிக்காரர் பெயர் காதர். கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் வீடு. கண்காட்சி மைதானமும் அங்கேதான், வைகைக்கு வடகரையில். வண்டி நகர்ந்ததும் பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"கண்காட்சியில என்னண்ணே காட்டுறாக?"

"நம் ஜனங்களின் திறமையைக் காட்டுகிறார்கள்."

"அதுக்கு டிக்கெட்டு வேறயா? நாந்தேன் தெனமும் சும்மாவே பாக்குறேனே!"

பாலத்தில் போகும்போது கீழே பார்த்தேன். தை மாதத்து வைகையில் தண்ணீர் ஓர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. மீதியெல்லாம் மணல், மணலெல்லாம் காயப்போட்ட வேட்டி. எங்கள் காவிரியைப் பார்த்த கண்ணுக்கு இதை ஆறு என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

எட்டு மணி. மைதானத்தில் வரிசையாகக் கீற்றுக் கொட்டகைகள். கைத்தொழில் என்று எழுதிய முதல் கொட்டகையில் ஜெர்மனி சைக்கிள் விளக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்ததில் மணியால் கோத்த கிளிகள். காரியதரிசி ஒரு வக்கீல். சரிகைத் தலைப்பாகையும் வேர்த்த முகமுமாக ஓடி வந்தார். "நல்ல சமயத்தில் வந்தீர்கள்!" என்றார். இப்படி ஆரம்பிக்கிறவர்களிடம் நான் ஜாக்கிரதையாக இருப்பது வழக்கம். அன்றைக்கு ஏனோ இருக்கவில்லை.

விஷயம் இதுதான். மேற்கே உசிலம்பட்டிச் சாலையில் பத்து மைல் போனால் செக்கானூரணி. அங்கே இறங்கி இரண்டு மைல் நடந்தால் நெடுமடைப்பட்டி. அந்த ஊரில் சோலை வேளார் என்று ஒருவர். குயவர். ஐயனார் கோயில்களில் வரிசையாக நிற்குமே மண் குதிரைகள், அவற்றைச் செய்கிறவர். கண்காட்சிக்காக எட்டடி உயரத்தில் ஒரு குதிரை செய்திருக்கிறார். அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க ஓர் ஆள் வேண்டும். "நீங்கள் போய்ப் பார்த்தால் கட்டுரைக்கும் ஆயிற்று" என்று வக்கீல் என் தலையில் கட்டினார்.

"அந்த மனுஷனுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது" என்று மேலும் சொன்னார். "ஊர்க் கண்மாயில்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாக மண் எடுப்பது. கண்மாய் ஜமீனுக்குச் சொந்தம். புதிதாக வந்த மானேஜர் போன வருஷம், இனி ஒரு கூடை மண் அள்ளக் கூடாது என்று தடுத்துவிட்டார். மண் இல்லாமல் குயவன் என்ன செய்வான்? நான் வேளாரிடம் சொன்னேன், நீ குதிரையைக் கொண்டு வா, முதல் பரிசு உனக்குத்தான். பதக்கத்தைக் கலெக்டர் துரையே தம் கையால் கொடுப்பார். அப்போது உன் குறையை அவரிடம் நேரே சொல். துரை வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், மானேஜர் கப்சிப்."

யோசனை எனக்கும் பிடித்திருந்தது. இந்தப் பிரயாணத்தில் கெட்டவன் ஒருவனையாவது நான் சந்தித்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். வக்கீல் நல்லவர்.

பகல் பன்னிரண்டரை. பஸ் கட்டணம் மூன்றணா. ஆள் நிரம்பினால் புறப்படும் என்றார்கள். மடியில் ஆட்டுக்குட்டியோடு ஒருவர், பருத்தி மூட்டையோடு இருவர், அதற்கு மேல் எனக்கும் இடம் உண்டு என்று கண்டக்டர் சாதித்தார். வலப்பக்கம் நாகமலை கூடவே வந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் மானாவாரி நிலம். சோளத்தட்டை அறுத்த கட்டாந்தரை, நடுநடுவே கருவேலம். பச்சை என்று பார்த்தால் கண்மாய்க்குக் கீழே ஒரு துண்டு. இந்தச் சீமையில் கண்மாய்தான் எல்லாம். தண்ணீரும் அது, மீனும் அது, மண்ணும் அது.

மாலை நாலு மணி. நெடுமடைப்பட்டியில் வேளாரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஊருக்கு வெளியே பொட்டலில், புகைகிற ஒரு பெரிய சாம்பல் மேட்டைச் சுற்றி நடந்து நடந்து அதைத் திட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தொந்தி, முறுக்கிய மீசை.

"கண்காட்சிக் கமிட்டியிலிருந்து வருகிறேன்" என்றேன்.

"வெரசா வந்து என்ன செய்யப் போறீக? சூடு ஆற வேணாமா? இப்பப் பிரிச்சா வாடக் காத்துப் பட்டுத் தெறிச்சுப் போகும். அப்பிடி ஓரமா ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தம் புகழை ஆரம்பித்தார். இந்தச் சீமையில் இருபதடிக் குதிரையை ஒரே சூட்டில் இறக்குகிற ஆள் தம்மைத் தவிரக் கிடையாதாம். மற்றவன் செய்தால் கால் பிளக்குமாம், இல்லாவிட்டால் கழுத்து சாயுமாம். அடக்கம் என்கிற சரக்கு அவரிடம் மருந்துக்கும் இல்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த அவர் மனைவி பேச்சியம்மாள் இதைக் கேட்டுச் சிரித்தாள்.

"அவுகளே சொல்லிக்கிட்டாத்தேன் உண்டுய்யா. வேற யாரு சொல்றா?"

பொழுது சாயும் நேரம் சாம்பலைப் பிரித்தார்கள். முதலில் இரண்டு காது. பிறகு பிடரி, கழுத்தில் மணிச்சரம், நெஞ்சில் சலங்கை. சாம்பல் சரியச் சரிய, குதிரை சிவப்பாக எழுந்து நின்றது. வேளார் கட்டைவிரல் கணுவால் அதன் விலாவில் ஒரு தட்டுத் தட்டினார். ணங் என்றது, வெண்கலப் பாத்திரம் கெட்டது போங்கள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வாய் பிளந்து நின்றேன்.

வாசகரே, இது லேசான காரியம் இல்லை. அந்தக் குதிரை முழுக்க உள்ளே வெறும் கூடு. காலில் சுவர் ஒரு சாண் கனம், வயிற்றில் நாலு விரல், கழுத்துக்குப் போகப் போக ஒரே விரல். மேல் பாரத்தைக் கீழே உள்ளது தாங்க வேண்டும், ஈர மண்ணாக இருக்கும்போதும் தாங்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் ஒரு துவாரம், வாயில் ஒரு துவாரம். சுடும்போது உள்ளே பிறக்கிற ஆவி அவற்றின் வழியாகப் போய்விடும், இல்லாவிட்டால் குதிரை வெடித்துச் சுக்கு நூறாகும். இதற்குச் சூளை என்று தனியாகக் கிடையாது. நின்ற இடத்திலேயே சுற்றி வைக்கோலும் விராட்டியும் தேங்காய் மட்டையும் அடுக்கி, மேலே மண் பூசி, நெருப்பு வைக்கிறார்கள். எங்கே எவ்வளவு நெருப்பு என்பதெல்லாம் கைக்கணக்கு. ஆவியின் சக்தியைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரர் படம் நம் பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் இருக்கிறது. குதிரை வயிற்றில் ஆவிக்கு வழி வைத்தவன் படத்தை எந்தப் புஸ்தகத்தில் போட்டோம்?

"மண் அவ்வளவு உசத்தியோ?" என்று கேட்டுவைத்தேன்.

வேளாருக்குக் கோபம் வந்துவிட்டது. "மண்ணா? கண்மாய் மண்ண மட்டும் வச்சு ஒரு சட்டி செஞ்சு பாருங்க, காயும்போதே பாளம் பாளமா வெடிக்கும். அதுல ஓடை மணலு, உமி, செவக்காட்டு மண்ணு எல்லாஞ் சேரணும். எம்புட்டுச் சேரணும்னு கேக்காதீக, சொல்ல மாட்டேன். கலக்குற கைதேன்யா மண்ணு!"

"அந்தக் கண்மாய் மண்ணும் இத்தோட சரி" என்றாள் பேச்சியம்மாள். "தடுக்குறதுக்கு மின்ன அள்ளிவச்ச கடேசிக் குமி இது. துரை சொன்னாத்தேன் இனி எங்களுக்குப் பொழப்பு."

சனிக்கிழமை, காலை எட்டு மணி. குதிரையை மாட்டு வண்டியில் ஏற்றுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிற்று. வண்டி நிறைய வைக்கோல் திணித்து, குதிரையை நிமிர்த்தி நிறுத்தி, நாலு பக்கமும் கயிறு. வேளாரின் உறவுக்காரர்கள் ஐந்தாறு பேர் மட்டும் கை கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் எட்ட நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஐயனாருக்குக் குதிரை எடுக்கிறபோது ஊரே போட்டி போட்டுத் தோள் கொடுக்குமாம். ஏன் இதற்கு வரவில்லை என்று பேச்சியம்மாளைக் கேட்டேன்.

"அதுக்குப் பிடிமண் குடுப்பாகய்யா. ஊர்ப் பெரியவுக வெத்தல பாக்கோட ஒரு பிடி மண்ண எடுத்து எங்க கையில குடுத்தாத்தேன் சாமி குதிரை. இதுக்கு யாரு குடுத்தா? கமிட்டிக்காரவுக ரூவாத்தேன் குடுத்தாக."

வண்டி மெதுவாகப் போயிற்று. மேட்டில் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் வேளார் குதித்து இறங்கி, குதிரையின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். மற்ற நேரமெல்லாம் துரையிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார்.

"எசமான், மகாராசா, தருமதொரை..."

"மகாராசாவெல்லாம் வேணாம்" என்று பேச்சியம்மாள் வெட்டினாள். "துரைக்கு நேரம் இருக்காது. சுருக்காச் சொல்லு."

"எசமான், கண்மாயில மண்ணு எடுக்க விடச் சொல்லுங்க."

"தலைமுறை தலைமுறையாக என்று சேர்த்துக்கொள்ளும்" என்றேன் நான். சேர்த்துக்கொண்டார். புதுக்கோட்டைக் கிராமம் தாண்டுவதற்குள் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மோர்ப்பந்தலில் இறங்கி மோர் குடிக்கும்போதும், மீசையைத் துடைத்துக்கொண்டு மோர்க்காரரிடம், "எசமான், தலைமுறை தலைமுறையா..." என்று ஆரம்பித்துவிட்டார். மோர்க்காரர் பயந்து போனார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இந்தப் பிரயாணத்தில் நாங்கள் சிரித்த இடம் அது ஒன்றுதான்.

மறுபடி ஏறியபோதுதான் கவனித்தேன். குதிரையின் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெறும் குமிழ்கள். கருவிழி இல்லை, இமை இல்லை.

"வேளாரே, கண் எங்கே?"

"கண்ணு சாமிகிட்ட நிறுத்தும்போதுதேன் தெறக்குறது. சேவல் அறுத்து, பூசை போட்டுத் தெறக்கணும்."

"கண்காட்சியில் சாமி ஏது? இங்கேயே கரியால் இரண்டு பொட்டு வைத்துவிடுமே."

வேளார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏறி ஒக்கார ஆளு இல்லாத குதிரைக்குக் கண்ணத் தெறந்துவிட்டா அது எங்க போகும்? அடுத்தவன் வெள்ளாமையத்தேன் மிதிக்கும். வேணாம்யா."

படித்தவன் என்ற திமிரில் நான் சிரித்தேன். அவர் அதற்குப் பிறகு ஒரு மைல் தூரம் என்னோடு பேசவில்லை.

விளக்கு வைக்கும் நேரம் கோரிப்பாளையம் வந்தோம். முச்சந்தியில் ஜனம் கூடிவிட்டது. காதர் தம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்து, குதிரையை அண்ணாந்து பார்த்தார். "குடுத்து வச்ச ஆளுண்ணே நீங்க" என்றார் வேளாரிடம். "இதுக்குப் புல்லும் வாங்க வேணாம், கொள்ளும் வாங்க வேணாம். மாத்திக்கிருவமா?" தம் குதிரையைக் கையால் சுட்டிக் காட்டினார். வேளாருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. பரிசுக் கமிட்டியார் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சித்திர வாத்தியார். ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், இவர் கடைசி வரை எதுவும் பேசவில்லை. மூன்றாமவர் கூரை ஓடு செய்கிற ஓர் ஓட்டுக் கம்பெனியின் என்ஜினீயர். சித்திர வாத்தியார் குதிரையை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

"அமைப்பு பிரமாதம். ஆனால் வேலை முடியவில்லையே. கண்ணே இல்லை! முடியாத வேலைக்கு எப்படிப் பரிசு கொடுப்பது? விதியில் இடம் இல்லை."

வக்கீல் பதறிப் போனார். அரை மணி அவகாசம் வாங்கிக்கொண்டு வேளாரைத் தனியே இழுத்துப் போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சினார். "இரண்டு பொட்டு, வேளாரே! இரண்டே பொட்டு! உமக்கு மண் வேண்டுமா வேண்டாமா?"

வேளார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முறுக்கின மீசை, தொந்தி, வாய்ச்சவடால் எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "பிடிமண் இல்லாமச் செஞ்சதே தப்பு. கண்ணும் தெறந்தா என் வம்சத்துக்கு ஆகாதுங்க" என்றார்.

பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "மண்ணு இல்லாமப் போனா வம்சம் மட்டும் எங்க இருக்கும்? நீ தெறக்கலைன்னா போ, நான் தெறக்குறேன்!" என்று பக்கத்துக் காப்பிக் கடை அடுப்பிலிருந்து கரித்துண்டை எடுத்துக்கொண்டாள். தோரணம் கட்டுகிற ஏணி ஒன்று சாத்தியிருந்தது. விறுவிறென்று ஏறினாள். குதிரை முகத்துக்கு நேரே கை போயிற்று. குமிழில் கரி படவேண்டியதுதான் பாக்கி. கை நின்றுவிட்டது. ஏணிக்குக் கீழே நாங்கள் எல்லோரும் மூச்சு விடாமல் நின்றோம். வையேன் அம்மா, வைத்துத் தொலையேன் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

கரியைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"முடியலய்யா" என்றாள். "என்னையப் பாக்குதோன்னு இருக்கு."

சித்திர வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். குதிரை கைத்தொழில் பரிசுக்கு இல்லை என்று தீர்ந்தது. வக்கீலுக்கோ வேளாரை வெறுங்கையோடு அனுப்ப மனம் இல்லை. குதிரையை எப்படியாவது பரிசு வரிசையில் வைக்க வேண்டுமென்று வழி தேடினார். தேடி ஒன்று கண்டுபிடித்தார். கடைசிக் கொட்டகை, ஜில்லாவின் இயற்கை விளைபொருள்கள் என்று பெயர். அங்கே எதுவும் முடிந்திருக்க வேண்டும் என்கிற விதி இல்லை. நிலக்கடலைக்கும் பருத்திக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் நடுவில் கொண்டுபோய்க் குதிரையை நிறுத்தினார்கள். பரிசு பரிசுதானே, எந்தக் கொட்டகையில் கிடைத்தால் என்ன என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். நானும் நினைத்தேன்.

என்ஜினீயர் அங்கே தனியாக வந்தார். வேளார் தட்டின மாதிரியே விலாவில் தட்டினார். குனிந்து வயிற்றுத் துவாரத்தில் கையை விட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, என்ன மண்! என்ன மண்!" என்றார். "எங்கே எடுத்தது?"

பெருமையோடு ஊர்ப் பெயரையும் கண்மாய்ப் பெயரையும் சொன்னவர் வேளார்தான்.

"மண்ணு மட்டும் இல்லீங்க, அதுல..." என்று ஆரம்பித்தார். என்ஜினீயர் அதற்குள் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை, மாலை நாலு மணி. பரிசு வழங்கு விழா. துரை வந்தார், ரோஜா மாலை வந்தது, இங்கிலீஷில் பிரசங்கங்கள் வந்தன. வேளார் சலவை வேட்டியில் இருந்தார், பேச்சியம்மாள் புதுப் புடவையில். வேளாரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எதைச் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பரிசுக் கமிட்டியார் எழுதிக் கொடுத்த பட்டியலை வக்கீல் மேடையிலிருந்து படித்தார். "இயற்கை விளைபொருள் பகுதியில் முதல் பரிசு, தங்கப் பதக்கம், நெடுமடைப்பட்டி..."

வேளார் எழுந்துவிட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு வரிசையைத் தாண்டி மேடைப் பக்கம் நடந்தார். ஜனங்கள் கை தட்டினார்கள்.

"...களிமண். அந்த மண்ணுக்கு உரியவரான ஜமீன்தாரின் சார்பாக மானேஜர் பெற்றுக்கொள்வார்."

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் முன்வரிசையிலிருந்து எழுந்து, வேளாரை ஒதுக்கிக்கொண்டு மேலே போனார். துரை அவர் கோட்டில் பதக்கத்தைக் குத்தினார். மானேஜர் ஏதோ சொல்ல, துரை சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அதை வக்கீல் எங்களுக்கெல்லாம் தமிழில் எடுத்துச் சொன்னார்: "இவ்வளவு அருமையான மண் வீணாகாமல் காப்பாற்றி வருவதற்காகத் துரையவர்கள் ஜமீனைப் பாராட்டுகிறார்கள்." சொல்லும்போது வக்கீல் குரல் கம்மிப் போயிற்று. மனுஷனுக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

வேளார் மேடைக்குக் கீழே நின்றபடியே, "எசமான், தலைமுறை தலைமுறையா..." என்றார். பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மண் தானே எழுந்து நாலு காலில் நின்று பிடரி வளர்த்துக்கொண்டதா? ஒரு கூட்டம் படித்தவர்கள் அண்ணாந்து ஒரு குதிரையைப் பார்த்தோம். பார்த்துவிட்டுக் கீழே இருக்கிற மண்ணுக்கு மாலை போட்டோம். அன்று மாலையே ஓட்டுக் கம்பெனி என்ஜினீயரும் மானேஜரும் ஒரே காரில் மேற்கே போனார்கள். கண்மாயைக் குத்தகைக்குப் பேசுகிறார்கள் என்று மைதானம் முழுக்கத் தெரிந்துவிட்டது. குதிரையையும் கம்பெனியார் எடுத்துக்கொள்கிறார்களாம். மண்ணின் மாதிரிக்கு ஆபீஸ் வாசலில் நிறுத்திவைக்க.

செவ்வாய்க்கிழமை, காலை. காதர் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, அன்றைக்கு வண்டிக் கூலி வாங்க மறுத்துவிட்டார். பிளாட்பாரத்தில் வேளார் நின்றுகொண்டிருந்தார். பேச்சியம்மாள் ஊருக்கு நடந்துவிட்டாளாம்.

"பேப்பர்ல எழுதுவீகள்ல?" என்றார்.

"எழுதாமல் விடுவேனா! நாலு பக்கம் எழுதுகிறேன். உம்மைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் உலகத்துக்கே தெரியும்படி..."

"வேணாம்யா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கரடுமுரடான கை.

"அந்த மண்ணு மட்டமான மண்ணுன்னு எழுதுங்க. வெடிச்சுப் போகும், ஒண்ணுக்கும் ஆகாதுன்னு எழுதுங்க. குதிரையும் கேவலமா இருந்துச்சுன்னு எழுதுங்க. பெரிய எடத்துல படிப்பாகள்ல? படிச்சாக் கம்பெனிக்காரன் வேணாம்னு போயிருவான். என் குதிரையப் பத்தி நல்லதா ஒரு வார்த்த எழுதிராதீகய்யா, கும்புடுறேன்."

சந்தித்த நாள் முதல் தம்மைப் புகழ்ந்து ஓயாத மனிதர் அப்படிக் கேட்டார். ரயில் நகர்ந்தபோது என்னால் அவரைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அவர் கேட்டபடியே எழுதினேன். உற்சாகம் போதவில்லை என்று ஆசிரியர் கட்டுரையை வெட்டினார். சைக்கிள் விளக்கும் மணிக்கிளியும் தப்பின. நெடுமடைப்பட்டியைப் பற்றி ஒரே ஒரு வரி அச்சில் வந்தது. கம்பெனிக்காரர்கள் எங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தானா குத்தகை எடுக்கிறவர்கள்? பங்குனியில் கண்மாய்க்கு வேலி போட்டுவிட்டார்கள்.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு மறுபடி மதுரை போனேன். வேளார் குடும்பத்தோடு வடக்கே அலங்காநல்லூர்ப் பக்கம் மனைவியின் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார் என்று வக்கீல் சொன்னார். கம்பெனி வாசலில் நிற்கிற குதிரையைப் பார்த்துவிட்டுப் போகிறீர்களா என்றும் கேட்டார். நான் பார்க்கவில்லை, பஸ் ஏறினேன்.

அந்தப் பக்கம் வாய்க்கால் பாய்கிற பூமி. நெல்லும் கரும்புமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி, எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். வேளார் ஒரு வேப்பமரத்தடியில் அடுப்புகள் செய்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். தொந்தி வற்றியிருந்தது. இந்த மண்ணில் சட்டியும் அடுப்பும்தான் நிற்குமாம், குதிரை நிற்காதாம். பேச்சியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எழுதினீகளாய்யா?"

"எழுதினேன் அம்மா."

"அவுக படிக்கலையாக்கும்."

பையில் பத்திரிகை இருந்தது. வேளார் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "வாசிங்க, கேப்போம்" என்றார். வேறு வழியில்லாமல் வாசித்தேன்.

"நெடுமடைப்பட்டிக் களிமண் எளிதில் வெடிக்கக்கூடியது, அம்மண்ணால் செய்து வைக்கப்பட்டிருந்த குதிரையொன்றும் மிகச் சாதாரணமானதே."

வேளார் கேட்டார்: "வேற யாராச்சும் அதப் பத்தி எங்கயாச்சும் எழுதியிருக்காகளா?"

"இல்லை."

"அப்ப நாங்க போனப்புறம் இதுதேன் இருக்கும்."

பேச்சியம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன். வேளார் சாலை வரை கூட வந்தார்.

"நல்லாத்தேன் எழுதியிருக்கீக" என்றார். "படிக்கிறவுக நம்பிருவாக."